நாற்காலி, நாய், நாள்காட்டி

மிசிசிப்பி மாநிலத்தில் ஒரு சின்ன ஊர். ராத்திரி நேரம். ரயில் நிலையத்தில் கோட்டும் டையும் போட்ட ஒரு கறுப்பர் அடுத்த வண்டிக்காக உட்கார்ந்திருக்கிறார். சற்று முன்புதான் ஊரில் ஒரு பணக்காரர் கொலையாகியிருக்கிறார். உள்ளே வந்த போலீஸ்காரர் பேர் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை. துப்பாக்கியை நீட்டுகிறார், சோதனை போடுகிறார், பிடித்துக்கொண்டு போகிறார். பிடிபட்டவர் பிலடெல்பியாவில் கொலை வழக்குகளைத் துப்பறியும் போலீஸ் அதிகாரி என்பது பிறகுதான் தெரியவருகிறது. 1967இல் வந்த ‘இன் தி ஹீட் ஆஃப் தி நைட்’ படத்தில் சிட்னி பாய்ட்டியர் அறிமுகமாகும் காட்சி இது. சிறந்த படத்துக்கான ஆஸ்கர் அதற்குத்தான் கிடைத்தது. 1968 ஏப்ரல் 4 அன்று மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக்கொல்லப்பட்டதால் அந்த விருது விழாவையே இரண்டு நாள் தள்ளி நடத்தினார்கள்.

இந்தக் காட்சி நினைவுக்கு வரும்போதெல்லாம் எனக்கு எங்கள் அண்ணனூர் ஸ்டேஷன் கண்முன் வந்துவிடும். திருமுல்லைவாயிலுக்கும் ஆவடிக்கும் நடுவில், மின்சார ரயில்களைக் கழுவிப் பழுதுபார்க்கும் கார்ஷெட்டை ஒட்டிய சின்ன ஸ்டேஷன். காலையில் சென்ட்ரல் பக்கம் போகிற வண்டிக்கு இருநூறு பேராவது நிற்பார்கள். அம்பத்தூர் எஸ்டேட்டுக்குப் போகிறவர், ஆஸ்பத்திரிக்குப் போகிற பாட்டி, பூக்கூடைக்காரம்மா, கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் பையன். கேமராவை எந்தக் கோணத்தில் வைத்தாலும் இதில் யார் என்ன சாதி என்று அது சொல்லாது. கறுப்பு எல்லாச் சாதியிலும் இருக்கிறது, சிவப்பும் அப்படியே. மிசிசிப்பி போலீஸ்காரருக்குத் தோல் போதுமாக இருந்தது. நம் ஊரில் ஒரு கேள்வி வேண்டியிருக்கிறது.

அந்தக் கேள்வி ஸ்டேஷனில் வராது. அங்கிருந்து பத்து நிமிஷம் நடந்து, ‘வீடு வாடகைக்கு’ என்று அட்டை தொங்கும் கேட்டைத் தட்டினால் வரும். “சொந்த ஊர் எது?” என்று ஆரம்பிக்கும். மாவட்டம் சொன்னால் தாலுகா, தாலுகா சொன்னால் ஊர், ஊர் சொன்னால் தெரு. பிறகு “கவிச்சி உண்டா?” கடைசியில் தயக்கத்தோடு, “தப்பா நினைச்சுக்காதீங்க, நீங்க என்ன ஆளுங்க?” இந்தப் பக்கத்தில் நான் குடியிருந்த வீடுகளில் ஒன்றைத் தவிர எல்லாவற்றிலும் இதைக் கேட்டார்கள். அந்த ஒரு வீட்டுக்காரர் கேட்காததற்குக் காரணம் பிறகுதான் தெரிந்தது. நான் வருவதற்கு முன்பே என்னை அனுப்பிய புரோக்கரிடம் கேட்டு முடித்திருந்தார்.

இனவெறி பற்றிய அமெரிக்கப் படத்தையும் சாதி பற்றிய தமிழ்ப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசுகிறவர்கள் இந்த வேறுபாட்டைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அங்கே ஒடுக்குமுறையின் அடையாளம் படச்சுருளில் தானாகவே பதிந்துவிடும். இங்கே பதியாது. தோலில் இல்லாததைத் திரையில் எப்படிக் காட்டுவது? தமிழ் சினிமா ஏறக்குறைய தொண்ணூறு ஆண்டுகளாக இதற்கு விடை தேடிக்கொண்டிருக்கிறது. நேர்மையாகத் தேடிய காலம் கொஞ்சம். தேடுவதுபோல் நடித்த காலம்தான் அதிகம்.

இந்தத் தேடலுக்குப் பின்னால் ஒரு சட்ட வரலாறும் உண்டு. 1955 ஜனவரியில் காங்கிரஸ் மாநாடு எங்கள் பக்கத்து ஆவடியில் கூடி, சோஷலிச பாணிச் சமுதாயம் என்று தீர்மானம் போட்டது. பள்ளிப் பாடத்தில் அது இருக்கிறது. அதே ஆண்டு ஜூன் 1 முதல் தீண்டாமையைக் குற்றமாக்கும் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அந்த டிசம்பரில்தான் அமெரிக்காவின் மாண்ட்கோமரியில் ரோசா பார்க்ஸ் பஸ்ஸில் இடத்தைவிட்டு எழுந்திருக்க மறுத்தார். நம் சட்டத்தின் பெயரை 1976இல் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று மாற்றினார்கள். ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகள்தாம் இன்று டீக்கடையில் ‘பி.சி.ஆர். கேஸ்’ என்று புழங்குகின்றன. 1989இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் தனியாக வந்த பிறகும் மக்கள் வாயில் எல்லாமே பி.சி.ஆர்.தான். ‘சிவில் ரைட்ஸ்’ என்று அமெரிக்கா ஒரு காலகட்டத்துக்கே வைத்த பெயரை நாம் ஒரு வழக்கின் சுருக்கெழுத்தாக, பெரும்பாலும் எரிச்சலோடு, உச்சரித்துக்கொண்டிருக்கிறோம். இதற்கும் முன்பே, 1938இல், எம்.சி. ராஜா கொண்டுவந்த மசோதாவினால் சென்னை மாகாணத்தில் சமூக இயலாமைகளை நீக்கும் சட்டம் நிறைவேறியிருந்தது. ஆக நம் குடியுரிமைக் காலம் அவர்களுடையதைவிடச் சீக்கிரமே தொடங்கியது. முடிந்துவிட்டதா என்பது வேறு கேள்வி.

சினிமா தொடங்கியது நந்தனாரிடம். 1935இல் வந்த ‘பக்த நந்தனார்’ படத்தில் நந்தனாராக நடித்தவர் கே.பி. சுந்தராம்பாள். அதற்கு அவர் வாங்கிய சம்பளம் ஒரு லட்சம் ரூபாய். அந்தக் காலத்தில் கேட்டவர்கள் வாயைப் பிளந்த தொகை. பண்ணையார் வேதியராக நடித்தவர் சங்கீத வித்வான் மகாராஜபுரம் விஸ்வநாத ஐயர். 1942இல் ஜெமினி எடுத்த ‘நந்தனா’ரில் தண்டபாணி தேசிகர். இந்த வேதியர் பாத்திரம் பெரியபுராணத்தில் கிடையாது. கோபாலகிருஷ்ண பாரதியார் தம் ‘நந்தனார் சரித்திர’த்தில் சேர்த்தது. சேர்த்ததால்தான் நாடகம் கிடைத்தது: அடக்குகிறவருக்கு ஒரு முகம் வந்தது. ஆனால் முடிவு புராண முடிவுதான். நந்தன் நெருப்பில் இறங்கிப் பூணூலும் சடையுமாக வெளியே வருகிறார். தில்லைக்குள் போக வேண்டுமானால் முதலில் வேறொரு உடம்பு வேண்டும். சாதியைத் திரையில் எப்படிக் காட்டுவது என்ற கேள்விக்குத் தமிழ் சினிமா சொன்ன முதல் விடை இது: எரித்துவிட்டுக் காட்டு.

1937இல் கே. சுப்ரமணியம் எடுத்த ‘பாலயோகினி’யும் 1939இல் அவரே எடுத்த ‘தியாகபூமி’யும் இதைவிடத் துணிச்சலானவை. ‘தியாகபூமி’ வந்த அதே ஆண்டில்தான் வைத்தியநாத ஐயர் முன்னின்று மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் ஆலயப் பிரவேசம் நடத்தினார். சினிமாவும் சட்டமும் தெருவும் ஒன்றையொன்று பார்த்தபடி நடந்த ஒரே காலம் என்று அதைச் சொல்லலாம். பிறகு வழி பிரிந்துவிட்டது.

எங்கே பிரிந்தது என்று கேட்டால் நான் ‘மதுரை வீர’னைக் காட்டுவேன். 1956, எம்.ஜி.ஆர். படம், பெரிய வெற்றி. மதுரை வீரன் அருந்ததியர் கும்பிடும் தெய்வம். அவர்களில் பிறந்த வீரன் என்பது அந்த மக்களின் நம்பிக்கை. படத்திலோ அவன் ராஜா வீட்டுப் பிள்ளை. கொடி சுற்றிப் பிறந்ததால் காட்டில் விடப்பட்டு, செருப்புத் தைக்கும் தம்பதியிடம் வளர்கிறான். வளர்த்தவர்களாக என்.எஸ். கிருஷ்ணனும் டி.ஏ. மதுரமும். கதைப்பாடலிலேயே இந்த அரசப் பிறப்பு உண்டு, அது பின்னால் ஒட்டவைத்தது என்று நாட்டார் வழக்காற்று ஆய்வாளர்கள் சொல்வதுண்டு. படத்துக்கு அந்த ஒட்டு மிகவும் வசதியாக அமைந்தது. கொட்டகையில் விசிலடித்த கூட்டத்தில் யாருடைய தெய்வமோ அவர்களும் இருந்தார்கள். தங்கள் வீரனைத் திரையில் பார்த்த சந்தோஷத்தில் அவனுடைய பிறப்புச் சான்றிதழ் மாறிப்போனதை எத்தனை பேர் கவனித்திருப்பார்கள்?

திராவிட இயக்கத்தார் மேடையில் சாதியைக் கடுமையாகத் தாக்கினார்கள். திரையில் அவர்கள் படங்கள் அதை ஏழை-பணக்காரன் கதையாக மாற்றிக்கொண்டன. வறுமைக்குக் கிழிந்த சட்டை போட்டால் போதும், கேமராவுக்குப் புரியும். சாதிக்கு எந்தச் சட்டை? அதனால் சேரி ‘குப்பம்’ ஆயிற்று, கதாநாயகன் ‘தொழிலாளி’ ஆனான். ஆனால் வெளியே நடந்ததெல்லாம் சாதிதான். 1957இல் முதுகுளத்தூர் கலவரம்; அந்த ஆண்டு செப்டம்பர் 11 அன்று பரமக்குடியில் தலித் தலைவர் இம்மானுவேல் சேகரன் வெட்டிக்கொல்லப்பட்டார். 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிந்து செத்தார்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். கூலி உயர்வு கேட்டார்கள், செங்கொடிச் சங்கத்தைவிட்டு விலக மறுத்தார்கள். கீழ்க்கோர்ட்டில் தண்டிக்கப்பட்ட மிராசுதார்களை உயர்நீதிமன்றம் விடுதலை செய்தது. கிங் சுடப்பட்ட அதே ஆண்டு இது. அங்கே அந்த ஆண்டைப் பற்றி எடுத்த படங்களை ஓர் அலமாரியில் அடுக்கலாம். நம்முடையதை அடுக்க உள்ளங்கை போதும்.

கீழ்வெண்மணியை வைத்து இந்திரா பார்த்தசாரதி எழுதிய ‘குருதிப்புனல்’ நாவல் சாகித்ய அகாதமி விருது பெற்றது. அதையொட்டி ஸ்ரீதர் ராஜன் எடுத்த ‘கண் சிவந்தால் மண் சிவக்கும்’ படம் அறிமுக இயக்குநருக்கான தேசிய விருது வாங்கியது. நாவல்மீது அன்று முதல் ஒரு குற்றச்சாட்டு உண்டு: பண்ணையாரின் வெறிக்கு அவருடைய ஆண்மைக் குறையைக் காரணமாக்கிவிட்டது என்பது. நியாயமான குற்றச்சாட்டு என்றே எனக்கும் படுகிறது. ஒருவரின் உடம்புக் கோளாறில் அந்தத் தீ பிறந்தது என்றால், அந்த ராத்திரி அவரோடு கிளம்பிப்போனவர்களுக்கெல்லாம் என்ன கோளாறு? பாரதி கிருஷ்ணகுமாரின் ‘ராமையாவின் குடிசை’ ஆவணப்படம் இந்தச் சுற்றுவழியெல்லாம் இல்லாமல் உயிர் தப்பியவர்களிடமே போய் உட்கார்ந்து கேட்டது. என்னைக் கேட்டால் கீழ்வெண்மணிக்கு அதுதான் படம்.

எண்பதுகளில் கொஞ்சம் அசைவு. பாரதிராஜாவின் ‘வேதம் புதிது’ 1987இல் வந்தது. பாலுத் தேவரைப் பார்த்து ஒரு பிராமணச் சிறுவன் உங்கள் பெயருக்குப் பின்னால் இருப்பது படித்து வாங்கிய பட்டமா என்கிற பொருளில் கேட்க, அவருக்குக் கன்னத்தில் அறைந்ததுபோல் இருக்கிறது. நல்ல காட்சி, சந்தேகமில்லை. ஆனால் படம் முழுக்கச் சாதி என்பது அக்ரகாரத்துக்கும் ஊர்த்தெருவுக்கும் நடுவே நடக்கும் பேச்சுவார்த்தை. அதற்கு வெளியே இருக்கிற தெரு படத்தில் இல்லவே இல்லை. அடுத்து ‘ஒரே ஒரு கிராமத்திலே’. பிராமணப் பெண்ணுக்குப் பொய்யான சாதிச் சான்றிதழ் வாங்கி வேலையில் சேர்க்கிற கதை. இடஒதுக்கீட்டுக்கு எதிரான வாதம். சென்னை உயர்நீதிமன்றம் தணிக்கைச் சான்றிதழை ரத்து செய்ய, 1989 மார்ச்சில் உச்சநீதிமன்றம் அதைத் திருப்பிக் கொடுத்தது. ரங்கராஜன் எதிர் ஜெகஜீவன் ராம் என்ற அந்தத் தீர்ப்பைக் கருத்துரிமை பற்றிப் பேசுகிற வழக்கறிஞர்கள் இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள். எனக்கு அந்தப் படத்தின் வாதத்தோடு உடன்பாடு இல்லை, தீர்ப்போடு உண்டு. ஒரு விஷயத்தில் அது மற்றப் படங்களைவிடக் கெட்டிக்காரத்தனமானது. சாதி தோலில் இல்லை, தாலுகா ஆபீஸ் முத்திரை குத்திய தாளில் இருக்கிறது என்று கண்டுபிடித்தது.

தொண்ணூறுகளில் சாதி திரையில் கண்ணுக்குத் தெரிந்தது, மேல்சாதிப் பெருமையாக. மீசை, பட்டை போட்ட வேட்டி, பஞ்சாயத்துத் திண்ணை, நாட்டாமையின் சொம்பு. ‘சின்ன கவுண்டர்’, ‘தேவர் மகன்’, ‘எஜமான்’, ‘நாட்டாமை’ எல்லாம் 1992 முதல் 1994க்குள் வரிசையாக வந்தவை. கொடியன்குளத்தில் 1995இல் போலீஸ் புகுந்து சூறையாடியதும், மேலவளவில் 1997இல் ஊராட்சித் தலைவர் முருகேசன் உள்ளிட்டோர் கொல்லப்பட்டதும், 1999இல் மாஞ்சோலைத் தொழிலாளர் ஊர்வலத்தில் 17 பேர் தாமிரபரணியில் மாண்டதும் இதே பத்தாண்டில்தான். கொட்டகைக்குள் ஒரு தமிழ்நாடு, வெளியே இன்னொரு தமிழ்நாடு.

இந்த இடத்தில் மறுபடி ரயில் ஏற வேண்டியிருக்கிறது. ஆவடியைத் தாண்டி உள்ளே இருக்கிற கரலப்பாக்கம்தான் இயக்குநர் பா. ரஞ்சித் பிறந்த ஊர். அண்ணனூரில் ஏறி வில்லிவாக்கம், பெரம்பூர் தாண்டினால் வியாசர்பாடி ஜீவா ஸ்டேஷன் வரும்; அங்கே அவருடைய ‘மெட்ராஸ்’. எங்கள் மின்சார ரயில் தடத்திலேயே ஒரு சினிமா வரலாறு ஓடுகிறது என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். 2012இல் வந்த ‘அட்டகத்தி’யை நாங்கள் காதல் படமாகத்தான் பார்த்தோம். பஸ் படிக்கட்டு, கானா, ஊரோரத்து வீடு. இந்தப் பக்கத்துப் பையன் இந்தப் பக்கத்துப் பேச்சைப் பேசினான். அவன் சாதியை யாரும் சொல்லவில்லை. அந்தத் தெருக்களில் வளர்ந்தவர்களுக்குச் சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

2014இல் ‘மெட்ராஸ்’. ஹவுசிங் போர்டு குடியிருப்பில் ஒரு சுவர், அதில் ஒரு தலைவர் படம், அந்தச் சுவருக்காக விழும் கொலைகள். கதாநாயகன் கையில் ‘தீண்டாத வசந்தம்’ நாவல். ரஞ்சித்தின் உத்தி இதுதான்: உடம்பில் தெரியாததைப் பொருளில் ஏற்றுவது. ‘கபாலி’யில் சிறைக்குள் ரஜினி படிக்கும் புத்தகமும், பிறகு போட்டுக்கொள்ளும் கோட்டும் அப்படித்தான். 2018இல் ‘காலா’வில் ஒரு படி மேலே போய் அமெரிக்காவின் வண்ணத்தையே கடன் வாங்கினார். வில்லன் வீடு, சட்டை, மனசு எல்லாம் வெள்ளை. தாராவி முழுக்கக் கறுப்பு. கடைசியில் கறுப்பும் சிவப்பும் நீலமும் பொடியாகப் பறக்கும். நிறமில்லாத சாதிக்கு நிறம் கொடுத்துப் பார்க்கும் முயற்சி. கண்ணுக்கு விருந்து. ஆனால் வெள்ளை-கறுப்பு என்று பிரித்தவுடன் சாதியின் ஏணிப்படிகள் மறைந்துவிடுகின்றன. அம்பேத்கர் சொன்ன படிப்படியான ஏற்றத்தாழ்வில் ஒவ்வொரு படிக்கும் கீழே இன்னொரு படி உண்டு. இரண்டு நிறத்தில் அது அடங்காது. அவர் படங்களில் ‘சார்பட்டா பரம்பரை’யையே நான் முதலில் வைப்பேன். எழுபதுகளின் வடசென்னையில், குத்துச்சண்டை மேடையில் யார் ஏறலாம் யார் ஏறக்கூடாது என்ற சண்டையிலேயே எல்லாம் வந்துவிடுகிறது, விளக்கப் பலகை இல்லாமல்.

மாரி செல்வராஜ் இந்த உத்தியை வேறொரு கூர்மைக்குக் கொண்டுபோனார். ‘பரியேறும் பெருமாள்’ 2018இல் வந்தது. தண்டவாளத்தில் கட்டிப்போட்டுக் கொல்லப்படும் கருப்பி என்ற நாயோடு படம் தொடங்குகிறது. அந்த நாய் யாருடைய நாய் என்பதுதான் அதன் குற்றம். சாதி தோலில் இல்லை என்றேனே, அது வளர்க்கிறவரிடமிருந்து நாய்க்கும் தொற்றும் என்று காட்டிவிட்டார். படத்தின் கடைசியில் ஒரு மேசைமேல் இரண்டு கண்ணாடி டம்ளர், ஒன்றில் பால் டீ, இன்னொன்றில் கட்டஞ்சாயா, நடுவில் ஒரு மல்லிகைப்பூ. இரட்டைக் குவளை பற்றி எத்தனையோ அறிக்கை வந்திருக்கிறது; இந்த ஒரு சட்டகம் சொன்னதை அவை சொன்னதில்லை. 2021இல் வந்த ‘கர்ண’னில் பஸ். தங்கள் ஊரில் நிற்காத பஸ்ஸுக்காக ஒரு கிராமமே போலீஸிடம் அடி வாங்குகிறது. ரோசா பார்க்ஸுக்குப் பஸ்ஸில் பின் இருக்கையாவது இருந்தது. படத்தில் வரும் பொடியன்குளத்துக்காரர்களுக்கு நிறுத்தமே இல்லை. அந்தப் படத்தில் கதை நடக்கும் ஆண்டு 1997 என்று போட்டதால், அப்போது ஆட்சி யாருடையது என்ற வாக்குவாதம் கிளம்பி, தொண்ணூறுகளின் பிற்பகுதி என்று மாற்றினார்கள். ஊரில் அடிவாங்கியது பற்றி எழாத சர்ச்சை ஆண்டு பற்றி எழுந்தது.

‘ஜெய் பீம்’ பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அது 2021 நவம்பரில் ஓ.டி.டி.யில் வந்தது, தா.செ. ஞானவேல் இயக்கம். 1993இல் விருத்தாசலம் பக்கம் முதனை கிராமத்தைச் சேர்ந்த ராஜாக்கண்ணு போலீஸ் காவலில் இறந்ததும், அவர் மனைவி நடத்திய வழக்கும்தான் மூலம். ஆட்கொணர்வு மனுவை வாதாடிய கே. சந்துரு பின்னாளில் உயர்நீதிமன்ற நீதிபதியானார். உண்மையில் அவர்கள் குறவர். படத்தில் இருளர் ஆனார்கள். இது பற்றிக் குறவர் தரப்பிலிருந்து வந்த வருத்தத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. செத்தவரின் சாதியை மாற்றுவதும் மதுரை வீரனின் பிறப்பை மாற்றியதும் ஒன்றல்ல, ஆனால் உறவுக்காரத் தவறுகள். அதே சமயம், செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் கொத்தடிமைகளாக இருளர்கள் மீட்கப்பட்ட செய்திகளை எங்கள் திருவள்ளூர் மாவட்டத்தில் பேப்பரில் படித்தே பழகிவிட்டோம். அவர்கள் முகம் ஒரு பெரிய படத்தின் நடுவே வந்தது அதுவரை நடக்காத காரியம்.

அந்தப் படத்தின் முதல் காட்சி என் கேள்விக்கு நேரடியான விடை. சிறை வாசலில் விடுதலையாகி வருகிறவர்களை நிறுத்தி ஒவ்வொருவரிடமும் சாதி கேட்கிறார்கள். சொன்னவுடன் சிலரை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். மற்றவர்களை ஓரமாக நிற்க வைத்துத் தீர்க்கப்படாத வழக்குகளைச் சுமத்தக் காத்திருக்கும் போலீஸாரிடம் பங்கு போட்டுக் கொடுக்கிறார்கள். பாய்ட்டியரைப் பிடித்த போலீஸ்காரருக்குத் தேவைப்படாத அந்தக் கேள்வியை இங்கே முதல் வசனமாகவே வைத்துவிட்டார் இயக்குநர். கேள்வி கேட்கப்படுவதற்கு முன்னால் வரிசையில் நிற்பவர்கள் எல்லாரும் ஒன்றுபோலத்தான் இருக்கிறார்கள். பதில் சொன்ன பிறகு நம் கண்ணுக்கே வேறுவேறாகத் தெரிகிறார்கள். சாதி எப்படி வேலை செய்கிறது என்பதற்கு இதைவிடச் சுருக்கமான படம் தமிழில் எடுக்கப்பட்டதில்லை.

அதே படத்தில் வில்லன் சப்-இன்ஸ்பெக்டர் வீட்டுச் சுவரில் ஒரு நாள்காட்டி சில விநாடி தெரிந்தது. அதிலிருந்த அக்னி கலசச் சின்னம் தங்களுடையது என்று வன்னியர் அமைப்புகள் கொதித்தெழ, நாள்காட்டி மாற்றப்பட்டது. இரண்டரை மணி நேரத்துக்கும் மேலே ஓடுகிற படத்தில், காவலில் ஒருவரை அடித்துக் கொல்வது பற்றிய படத்தில், பெரிய சண்டை ஒரு நாள்காட்டிக்கு. எதிர்த்தவர்களின் கோபத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: பொருள்கள் மூலம் சாதியைப் படிக்கத் தமிழ்ப் பார்வையாளருக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. பின்னணியில் மங்கலாகத் தொங்கும் காகிதத்தையும் படித்துவிடுகிறார்கள். வாடகை வீட்டு வாசலில் பழகிய கண் அது.

பொருளை நம்பிப் படம் எடுப்பதில் இருக்கிற ஆபத்தை 2023இல் ‘மாமன்னன்’ காட்டியது. தனித்தொகுதி எம்.எல்.ஏ. தன் கட்சிக்காரர் முன்னால் நாற்காலியில் உட்கார முடியாது. மகன் உட்காரச் சொல்கிறான். அந்த நாற்காலிதான் படம். ‘தேவர் மக’னில் கை வெட்டப்படும் இசக்கியாக நடித்த வடிவேலுதான் இதில் மாமன்னன். அந்த இசக்கிதான் இந்த மாமன்னன் என்று, கமல்ஹாசன் உட்கார்ந்திருந்த மேடையிலேயே மாரி செல்வராஜ் சொன்னார். இவ்வளவு கணக்காக எடுத்த படம் நெட்ஃபிளிக்ஸுக்கு வந்ததும் என்ன ஆயிற்று? நாய்களை அடித்துக் கொல்லும் வில்லனாக வந்த ஃபகத் ஃபாசிலின் காட்சிகளை வெட்டி, அவரவர் சாதிப் பாட்டைச் சேர்த்து, அவரையே நாயகனாக்கி வீடியோ போட்டார்கள். ஒரு சாதிக்காரர் மட்டுமல்ல, போட்டி போட்டுப் பல சாதிக்காரர்கள். நடிகரின் நடிப்பு அத்தனை வலுவாக இருந்ததும் ஒரு காரணம் என்பேன். ‘மிசிசிப்பி பர்னிங்’ படத்தின் மீது, 1964இல் கொல்லப்பட்ட மூன்று இளைஞர்களின் கதையில் கறுப்பர்களை ஓரத்தில் நிறுத்தி எஃப்.பி.ஐ.காரர்களை வீரர்களாக்கிவிட்டது என்று அமெரிக்கக் கறுப்பர்கள் குறை சொன்னார்கள். அங்கே இயக்குநர் நாயகனைத் தவறாகத் தேர்ந்தெடுத்தார். இங்கே இயக்குநர் சரியாகத் தேர்ந்தெடுத்த பிறகு பார்வையாளர்கள் மாற்றிக்கொண்டார்கள். இது நமக்கே உரிய கண்டுபிடிப்பு.

பெரிய நட்சத்திரங்களின் நிழலில் காணாமல்போன சில படங்களைச் சொல்லாவிட்டால் இந்தக் கணக்கு பிழையாகும். அம்ஷன் குமாரின் ‘மனுசங்கடா’: செத்த அப்பாவைப் பொதுப்பாதை வழியாக எடுத்துப்போக நீதிமன்ற உத்தரவு வாங்கி வரும் மகன். 2016இல் திருநாள்கொண்டசேரியில் நடந்ததை அறிந்தவர்களுக்கு அது படமாகவே தோன்றாது. பெருமாள்முருகன் கதையிலிருந்து இயக்குநர் தமிழ் எடுத்த ‘சேத்துமான்’: நாட்டுக்கு ஒரு தலித் குடியரசுத் தலைவர் வரும் நாட்களில், கூடை முடையும் ஒரு தாத்தாவும் பேரனும். லீனா மணிமேகலையின் ‘மாடத்தி’ எல்லாவற்றையும்விட என் கேள்விக்கு நெருக்கமானது. புதிரை வண்ணார்கள் பற்றிய படம். தொட்டால் தீட்டு என்பதோடு நிற்காமல், கண்ணில் பட்டாலே தீட்டு என்று ஒதுக்கப்பட்டவர்கள். ஆள் வரும் சத்தம் கேட்டால் புதருக்குள் ஒளிய வேண்டும். பார்க்கவே கூடாது என்று விதிக்கப்பட்டவர்களை முழுத்திரையில் நிறுத்திப் பார்க்க வைத்தது அந்தப் படம். எத்தனை பேர் பார்த்தார்கள் என்று கேட்காதீர்கள்.

எதிர்த் திசையிலும் படங்கள் வருகின்றன. ‘திரௌபதி’, ‘ருத்ர தாண்டவம்’ போன்றவை நாடகக் காதல், பொய் பி.சி.ஆர். வழக்கு என்று கதை கட்டின. அவற்றைத் தடைசெய்யக் கோருவதைவிட, ஓடிய கொட்டகைகளில் யார் கைதட்டினார்கள் என்று கவனிப்பது உபயோகமானது.

அமெரிக்காவுக்கும் நமக்கும் கொடுக்கல் வாங்கல் புதிதல்ல. ஜோதிராவ் பூலே 1873இல் எழுதிய ‘குலாம்கிரி’யை அடிமைமுறையை ஒழித்த அமெரிக்கர்களுக்குக் காணிக்கையாக்கினார். அம்பேத்கர் 1946இல் அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். 1959இல் இந்தியா வந்த கிங்கைத் திருவனந்தபுரத்தில் ஒரு பள்ளித் தலைமையாசிரியர், அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் சக தீண்டத்தகாதவர் என்ற பொருளில் அறிமுகப்படுத்தினார். முதலில் சுருக்கென்றிருந்தது, பிறகு யோசித்து அது உண்மைதான் என்று ஒப்புக்கொண்டேன் என்று கிங் பின்னர் ஒரு பிரசங்கத்தில் சொன்னார். 1972இல் பம்பாயில் தலித் பேந்தர்ஸ் தொடங்கியவர்கள் பெயரைக் கறுஞ்சிறுத்தைகளிடமிருந்து எடுத்தார்கள். 2023இல் கணக்கு திரும்பியது: ‘செல்மா’ எடுத்த ஆவா டுவெர்னே, இசபெல் வில்கர்சனின் ‘காஸ்ட்’ புத்தகத்தைத் தழுவி ‘ஆரிஜின்’ எடுத்தார். அதில் அம்பேத்கர் வருகிறார், மலக்குழி வருகிறது. இனவெறியை விளக்க நிறம் மட்டும் போதவில்லை என்று அங்கே சாதியைத் தேடி வருகிறார்கள். நாமோ சாதியைக் காட்ட நடிகைக்குக் கறுப்பு மை பூசிக்கொண்டிருக்கிறோம். சிவந்த முகத்தைக் கறுப்பாக்கினால் ஒடுக்கப்பட்டவர் வந்துவிடுவார் என்று ஒப்பனை அறையில் இன்னும் நம்புகிறார்கள். இந்தப் பழக்கத்தை நிறுத்தச் சொல்லி யாராவது சங்கம் வைத்தால் முதல் சந்தா என்னுடையது.

இத்தனை படங்களையும் வரிசையாக வைத்துப் பார்க்கும்போது ஒரு பெரிய காலியிடம் தெரிகிறது. கிராமம் வந்துவிட்டது, வடசென்னை வந்துவிட்டது, சட்டக்கல்லூரியும் காவல் நிலையமும் சட்டமன்றத் தொகுதியும் வந்துவிட்டன. நடுவில் இருக்கிற எங்கள் புறநகர் வரவில்லை. தவணை கட்டி வீடு வாங்கியவர்களும் வாடகைக்கு வந்தவர்களும் ஒரே தெருவில் ஒருவரையொருவர் பேர் தெரியாமல் விசாரித்துக்கொண்டு வாழும் இடம் இது. அரிவாள் இல்லை, தீ இல்லை, கட்டப்பஞ்சாயத்து இல்லை. செழியனின் ‘டு லெட்’ மட்டும்தான் இந்த வாசலில் வந்து நின்றது. சினிமாவில் வேலை தேடும் ஓர் உதவி இயக்குநர் மனைவி, மகனோடு வீடு தேடி அலையும் கதை. 2017ஆம் ஆண்டின் சிறந்த தமிழ்ப்படத்துக்கான தேசிய விருது பெற்றது. என்ன ஆளுங்க, என்ன சாப்பிடுவீங்க, என்ன வேலை என்று ஒவ்வொரு கேட்டிலும் கேள்வி. சத்தமில்லாத படம். நம் ஊர் சாதியும் பெரும்பாலான நாட்களில் சத்தமில்லாமல்தான் இருக்கிறது. அதைத் தொடர்ந்து யாரும் வரவில்லை. தலித் பெண் ஒருவர் இயக்கி, பெரிய அளவில் கொட்டகைகளில் ஓடிய படம் ஒன்றுகூட இந்தப் பட்டியலில் இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் எங்கள் தெருவில் இரண்டு வீடு காலியாயிற்று. ஒன்றுக்கு ஆள் வந்துவிட்டார்கள். மற்றதில் அட்டை இன்னும் தொங்குகிறது. ‘சைவம் மட்டும்’ என்று கீழே பேனாவால் எழுதியிருக்கிறது. வீட்டுக்காரர் வாரா வாரம் ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி வாங்கும் கடையில்தான் நானும் வாங்குகிறேன்.